ஓய்வு பெற்ற தாய் நாயை வீட்டுக்கு எடுப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நாய் வளர்த்து விற்பவர்கள் சிலர், ஈன்று ஓய்ந்த ஐந்தாறு வயது மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் நாய்களை நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதுண்டு. குட்டியைவிட இது நல்லது என்பேன். குணம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதலில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் பழுப்புக் காறை, சிவந்த ஈறு, துர்நாற்றம் இருந்தால், மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் சேருங்கள். நடக்கவிட்டும் பாருங்கள். பின்னங்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால், முழங்கால் சில்லு நழுவுகிறதோ என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். மடியைத் தடவிக் கட்டி தேடுங்கள். கருப்பை எடுக்காத நாய்க்கு அதில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரேபிஸ் ஊசி அட்டையை விடாமல் கேட்டு வாங்குங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் உண்டு, ஊசி சட்டப்படி கட்டாயம். நாயின் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பழைய தீனியையே கொஞ்சம் வாங்கி வந்து, 7 நாளில் மெல்ல மெல்லப் புதியதைக் கலந்து மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்குதான். கழுத்துப்பட்டை வேண்டாம், இந்தச் சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் மென்மை. மார்பைச் சுற்றிக் கட்டும் வார் (ஹார்னஸ்) போடுங்கள். கூண்டிலேயே இருந்த நாய்க்கு வீட்டுப் பழக்கம் இருக்காது. எழுந்ததும், தின்றதும் வெளியே கூட்டிப் போங்கள், அடிக்காதீர்கள்.

உண்ணி கடித்து வரும் இரத்த நோயான பிலியரி இங்கே கொடியது. ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறமானால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள்.