ஆடி முடியட்டும்

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் கதை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்து இன்றோடு 71 நாள்.

ஆகஸ்ட் 2, சனி

அட்டைப்பெட்டி வேட்டை. மளிகைக்கடை அண்ணன் நாலு கொடுத்தார். நாலும் பிஸ்கட் பெட்டி. பார்க்கப் பெரிசு, அடியில் பலம் இல்லை. புத்தகத்துக்கு மருந்துக்கடைப் பெட்டிதான் சரி. சின்னது, கெட்டி, ஒரு ஆளே தூக்கலாம். இதை அனுபவத்தில் படித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்று எல்லாப் புத்தகத்தையும் டிவி வந்த பெட்டியில் அடுக்கி, மூன்று பேராகத் தூக்கி, மாடிப்படித் திருப்பத்தில் அடி பிய்ந்துகொண்டது. மொத்தமும் தடதடவென்று இறங்கிப் போய்விட்டன. ஒன்று மட்டும் கடைசிப் படியையும் தாண்டி ஓனர் அங்கிள் செருப்பின் மேல் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்துத் தூசி தட்டி, "வாங்க வாங்க" என்றார். என்னைச் சொன்னாரா, புத்தகத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

மருந்துக்கடையில், "காய்ச்சலாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். காலிப் பெட்டிக்கு என்றதும் முகம் தொங்கிவிட்டது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீல அட்டைப் புத்தகம் தோழி க.விடம் இருக்கிறது. போவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீடு மாறும் வரை புதிதாக ஒரு புத்தகம்கூட உள்ளே வரக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நான் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதையில் சும்மா பார்த்துவிட்டு வந்தவர்கள் யாராவது உண்டா? மூன்று புத்தகம், 130 ரூபாய். பைக்குள் கீழே புத்தகம், மேலே முருங்கைக்கீரைக் கட்டு. அம்மா பையை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, "கீரை எத்தனை பக்கம்?" என்றாள்.

அப்பா வழக்கம்போல மூர் மார்க்கெட்டை ஆரம்பித்துவிட்டார். அவர் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, 1985-ல், அது எரிந்துபோனது. அவர் கண் வைத்திருந்த ஒரு அகராதியும் அதில் போயிற்றாம். அந்த அகராதி வருடா வருடம் தடித்துக்கொண்டே வருகிறது. என் சின்ன வயதில் ஒரு பாகம்தான் இருந்தது. இன்று மூன்று பாகம் என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மெய்ப்பு பார்த்த எட்டாம் வகுப்பு நோட்ஸில் விடுமுறை விண்ணப்பம்: "எனக்கு கடல்நலம் சரியில்லாததால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

திருத்த மனசே வரவில்லை. சம்பளம் வாங்குகிறேனே என்று திருத்தினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாட்டி கடைசியில் கதையின் ஜெராக்ஸைப் படித்து முடித்துவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்து நாளுக்கு ஒரு பக்கம், பதினோரு நாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஏதோ தேடுகிற மாதிரி நடித்தேன்.

"அவ எதுக்குடி தையல் மெஷினை விக்கணும்?"

"கஷ்டம் பாட்டி. வேற வழியில்ல அவளுக்கு."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

இதற்கு என்ன பதில் சொல்வது? நடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் பக்கத்தில் மழையை எழுதியதற்கு நான் நாலு நாள் செலவழித்திருந்தேன். மழையைப் பற்றியும் ஒன்றுமில்லை. படுக்கப் போகும்போது மறுபடி கூப்பிட்டு, "வாங்கினவன் நல்லவனா?" என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

செப்டம்பர் 1-லிருந்து பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்திருக்கிறது. பாட்டிக்கு ஏதோ துக்கச் செய்தி மாதிரி. கதையை மெயிலில் அனுப்பக் கூடாது, ரிஜிஸ்டர் தபாலில்தான் அனுப்ப வேண்டும், சேர்ந்ததற்கு அட்டை வர வேண்டும், திருப்பி அனுப்ப நம் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவரும் உள்ளே இருக்க வேண்டும் என்று நின்றவள் அவள்தான்.

அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மே 22. கையெழுத்து ஒரு கொக்கி, ஒரு சுழி, அடியில் அழுத்தமான கோடு. ஆசிரியரே போட்டதாக இருந்தால், அவ்வளவு அழுத்திக் கோடு போடுகிறவர் கதையைப் படிக்காமல் தள்ளிவைக்க மாட்டார். வாட்ச்மேன் போட்டதாக இருந்தால், அவர் அதை எங்கே வைத்தார்? மேஜை மேலா, நாற்காலிக்குக் கீழா? கொக்கி 'ந' மாதிரி இருக்கிறது. ஆசிரியர் பெயரில் 'ந' இல்லை. உதவி ஆசிரியர் பெயரிலும் இல்லை. தலைகீழாகப் பிடித்தால் 'வ'. தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருக்காங்க" என்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓனர் அங்கிள், தன் மகனுடைய கல்யாணப் பத்திரிகையின் புரூஃபோடு மேலே வந்தார். எந்தக் கல்யாணத்துக்காக நாங்கள் காலி செய்கிறோமோ, அதன் பத்திரிகைக்கு நானே பிழை திருத்த வேண்டும். கூச்சத்தோடுதான் நீட்டினார், பாவம். "தங்கள் குற்றமும் நட்பும் சூழ வருகை தந்து..." என்று அடித்திருந்தது. சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எங்க சொந்தக்காரங்களைப் பாத்தா இதுதான்மா சரி."

அப்புறம் பேச்சு சொத்து வரிக்குப் போனது. அதிலேயே நூலக வரியும் இருக்கிறது அங்கிள், ரூபாய்க்கு 10 காசு, 1948-லேயே சட்டம் போட்டு நூலகத்துக்கு வரி வாங்கிய மாகாணம் நம்முடையதுதான் என்றேன். இத்தனை வருடம் வரி கட்டியும் அது அவருக்குத் தெரியாது. "அப்ப நீ படிக்கிறதுக்கு நான் பணம் கட்டிட்டு இருந்திருக்கேன்?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, என் காசுக்கு என்ன படிச்சே சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றேகால் மணி நேரம். கீழேயிருந்து ஆன்ட்டி மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. குழந்தைகள் பிரிவைவிட்டு வர மாட்டேன் என்று தரையில் படுத்து அழுதேனாம். இன்று இரண்டாம் மாடியில், தமிழ்ப் பிரிவில், நாலு மணி நேரம். அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கீழே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற இடத்தில் ஒரு நாற்காலி காலியில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எழுந்து போனால் தண்ணீர் பாட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

திரும்பும்போது பறக்கும் ரயிலில் ஸ்டேஷன்களை எண்ணினேன். திருவல்லிக்கேணியிலிருந்து கோட்டூர்புரம் ஆறாவது. புது வீடு இருக்கிற மடிப்பாக்கத்துக்கு ஸ்டேஷன் வேளச்சேரி. அங்கிருந்தும் எண்ணினேன். பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம். அதுவும் ஆறாவது! வீட்டுக்கு வந்ததும் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் அசையவில்லை. "வேளச்சேரி வரைக்கும் மடிப்பாக்கத்துலேர்ந்து யாரு தூக்கிட்டுப் போவா?" என்றாள் அம்மா.

க. போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நூலகர் நாள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவாகக் கொண்டாடுவது. ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். 1931-ல் ஐந்து விதி எழுதினார். ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர். இதை அம்மாவிடம் கொஞ்சம் நாடகமாகவே சொல்லிவிட்டேன்.

"வளர்றது தெரியுது. அதுக்கும் சேர்த்துதான் ரெண்டு பெட்ரூம் பாத்திருக்கோம்."

பாட்டி: "அந்தப் பொண்ணு மெஷினை மீட்டாளா?"

ஆகஸ்ட் 13, புதன்

எனக்குக் கடல்நலம் சரியில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. காலையிலிருந்து பெட்டி கட்டுகிறோம். மேல் பலகையில் ராமபாணப் பூச்சி. வெள்ளி நிறத்தில் ஒன்று ஓடி, கவிதைத் தொகுப்புக்குள் புகுந்துகொண்டது. பிரித்து உதறினேன். எழுத்தை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. ரசனை உள்ள பூச்சி என்றேன். பசை இருக்கிற இடமாகப் பார்த்துத் தின்கிறது என்றான் தம்பி.

ரங்கநாதன் மாதிரி வகை பிரித்து அடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். நாவல், சிறுகதை, கட்டுரை, படிக்காதது. நாலாவது வகையே ஏழு பெட்டி. அந்தச் சீட்டை அம்மா பார்ப்பதற்குள் கிழித்து, 'அரிய நூல்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். மொத்தம் 23 பெட்டி. அம்மாவிடம் 12 என்று சொல்லியிருந்தேன். மீதி பதினொன்றைத் தம்பி ரூமில், அவன் துணிப்பெட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அவன் வாயை மூடிக்கொள்ள இரண்டு சிக்கன் ரோல்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி முடிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

க. வந்தாள், நீலப் புத்தகத்தோடு! ஒரு வருடம் இரண்டு மாதம். 40-ஆம் பக்கத்தில் மஞ்சள் கறை, அதற்கு மேல் சுத்தம். "சூப்பரா இருந்துச்சுடி" என்றாள். முடிவு எப்படி என்று கேட்டேன். "அதான், அந்த மாதிரி முடிச்சது பிடிச்சிருந்துச்சு." சரி, போகட்டும்.

அவளுக்கு நல்ல புத்தி சொல்லலாம் என்று முதல் பக்கத்தைத் திறந்தேன். ஊதா மையில் ஒரு கையெழுத்து. எங்கள் பதினொன்றாம் வகுப்புத் தமிழம்மாவுடையது. தேதி 2014. கீழே, 'படித்ததும் தரவும்.'

க. ஒன்றும் பேசவில்லை. காபியை ஊதி ஊதிக் குடித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராத்திரி பாட்டி என் கையைப் பிடித்து இரண்டாயிரம் ரூபாயைத் திணித்தாள். நாலு ஐந்நூறு, அரிசி வாசனை.

"மெஷினை மீட்டுடு."

"பாட்டி, அது கதை."

"தெரியும்டி. எனக்கென்ன புத்தி மாறாட்டமா? நீ எழுதறதுதானே, எழுது. பணம் உன் கூலி."

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மீட்டால் கதை படுத்துவிடுகிறது. மீட்காவிட்டால் பாட்டி படுத்துவாள். வாங்கினவனை நல்லவனாக்கலாமா? அவன் மெஷினை மூலையில் போடாமல் துணி போர்த்தி வைத்திருக்கிறான் என்று ஒரு வரி. மெஷினை விற்ற சரஸ், தெருவில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். போர்த்தியிருப்பது அவள் தைத்த துணி. இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை மே மாதமே போய்விட்டதே! பணத்தை அரிசி டப்பாவிலேயே திரும்ப வைத்தேன். காலையில் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

புது வீட்டில் பால் காய்ச்சினோம். லைட்டர் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டி கொடுத்தார். பால் பொங்குவதைப் பார்க்காமல் நான் சுவரை அளந்துகொண்டிருந்தேன். ஹாலில் எட்டடி அலமாரி போகும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சென்னை நாள். 1639-லிருந்து கணக்கு. பிறந்தநாள் அதுவுமாக ஊரைவிட்டுப் போகிறேன் என்றேன். "மடிப்பாக்கத்தை 2011-லயே மாநகராட்சியில சேர்த்தாச்சு" என்றான் தம்பி. இதைத் திருவல்லிக்கேணியில் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குட்டி யானை, இரண்டு டிரிப். பன்னிரண்டு பெட்டி ஏறியதும் அம்மா கதவைச் சாத்தப் போனாள். அப்புறம் பதின்மூன்று வந்தது. பதினாலு. பதினைந்து வந்தபோது என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். டிரைவர் அண்ணன் 19-ஐத் தோளில் வைத்துக்கொண்டு, "டீச்சர் வீடா?" என்றார். "எழுத்தாளர் வீடு" என்றான் தம்பி, என்னைக் கை காட்டி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோவும் நீயா எழுதின?"

பெட்டி ஒன்றுகூடப் பிய்யவில்லை. ஓனர் அங்கிள் வாசலில் நின்று எண்ணினார். கிளம்பும்போது, என் நூலக வரிக்கு இனிமேல் யார் கதை சொல்வார்கள் என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்து அடையாறு வரைக்கும் பேசவில்லை. டிரைவர் அண்ணனும் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ராத்திரி 2 மணி. தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். கவரில் இருக்கிறது பழைய விலாசம். கதையின் கடைசிப் பக்கத்திலும் பழைய விலாசம். போன் நம்பர் எழுதினேனா? எழுதவில்லை. பின்கோடைக்கூட இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஓனர் அங்கிள் போன். "உனக்கு ஒரு கவர் வந்திருக்கும்மா."

பிரித்துப் படியுங்கள் என்றேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க மாட்டாராம். ஒன்பது வருடமாக எங்கள் கரண்ட் பில்லைப் பிரித்துப் படித்த மனிதர்! சரி, கனமா மெலிசா? "கையில வெச்சா தெரியுது, ஆனா கனம்னு சொல்ல முடியாது." கதை பதினோரு பக்கம். திரும்பி வந்தால் கனமாக இருக்கும். ஒரே ஒரு தாள் என்றால் மெலிசு. விலாசம் என் கையெழுத்தா, வேறு கையெழுத்தா? நீல மையா? "இரும்மா, கண்ணாடி மாடியில இருக்கு, ஆன்ட்டி பத்திரிகை வைக்கப் போயிருக்கா." காத்திருந்தேன். போனில் படியேறுகிற சத்தம். அந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் கட் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

பாட்டி: "மீட்டுட்டாளாமா?"

ஆகஸ்ட் 29, வெள்ளி

லீவு கேட்டேன். காரணம் கேட்டார்கள். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, கடல்நலம் என்று சொல்லப் பயமாக இருந்தது. கிடைக்கவில்லை. இன்று 99. நாளைக்கு 100-வது நாள் போஸ்டர் ஒட்டலாமா என்கிறான் தம்பி.

ஆகஸ்ட் 30, சனி

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. பையில் தமிழம்மாவின் நீலப் புத்தகம், பாட்டி கொடுத்த இரண்டாயிரம். கோட்டூர்புரம் தாண்டியாச்சு. இன்னும் ஆறு