ரெண்டும் போறது ஒரே எடத்துக்குத்தானே சார்?

"நீங்க மேல உக்காந்து அமுக்குறீங்க, நான் கீழ உக்காந்து அமுக்குறேன். ரெண்டும் போறது ஒரே எடத்துக்குத்தானே சார்?"

நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தின் வெளிவாசலில் நின்று அந்தப் பையன் கேட்டது. கோபத்தில் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டான். ஆண்களுக்கான ஏடிபி டென்னிஸ் போட்டி சென்னையை விட்டுப் புனேவுக்குப் போவதற்கு முன்னால் இதே மைதானத்தில் பந்து பொறுக்கும் பால் பாயாக ஓடியவன். அப்போதிருந்தே என்னைத் தெரியும். நான் சேர் அம்பயர், கோர்ட் ஓரத்து உயர நாற்காலியில் உட்காரும் நடுவர்.

அன்று மொத்தப் பரிசு 25 ஆயிரம் டாலர் என்ற கீழ்மட்டப் போட்டியின் முதல் சுற்று. பக்கவாட்டுக் கோர்ட். பார்வையாளர் என்று சொல்ல இரண்டு கோச்சுகள், ஆடும் பையன் ஒருவனின் அம்மா, செக்யூரிட்டிக்காரர், அப்புறம் இவன். நீண்ட ராலி ஒன்று முடிந்ததும் செக்யூரிட்டிக்காரர்கூடக் கை தட்டினார். இவன் தட்டவில்லை. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பந்து வெளியே விழுந்த அதே நொடியில் துணிக்கு மேலே கட்டைவிரல் அசைவது தெரிந்தது. அடுத்த புள்ளிக்கும் அசைந்தது. அதற்கடுத்ததற்கும். அந்த அசைவு எனக்குப் புதிதில்லை. நாள் முழுக்க என் விரலும் அதைத்தான் செய்கிறது. பக்கம் மாறும் இடைவேளையில் வாக்கி-டாக்கியில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அடுத்த கேம் முடிவதற்குள் அவனை வெளியே கூட்டிப்போய்விட்டார்கள்.

செய்தது சரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதுவதைப் படித்தால் அப்படித் தோன்றாமல் போகலாம்.

சேர் அம்பயரின் மடியில் இருக்கும் டேப்லெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புள்ளி முடிந்ததும் யார் ஜெயித்தது என்று அமுக்க வேண்டும். அமுக்கியதும் ஸ்கோர் உலகம் முழுக்கப் போகிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அந்தத் தரவை ஒரு நிறுவனத்துக்கு விற்கிறது, அங்கிருந்து பந்தய நிறுவனங்களுக்குப் போகிறது. சென்னை வெயிலில் விரல் வேர்த்திருந்தால் திரை ஏற்காது. பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்குவேன். அதற்குள் இரண்டு மூன்று நொடி போய்விடும். ஸ்டாண்டில் இருந்து போனில் ஸ்கோரை முந்தி அனுப்புபவனுக்கு அந்த நொடிகள்தான் சரக்கு. அவனிடமிருந்து புள்ளி யாருக்கு என்று தெரிந்துகொண்டவன், பந்தய விலை மாறுவதற்குள் பணத்தைப் போட்டுவிடுகிறான். நடுவர்களிலேயே சிலர் வேண்டுமென்று அமுக்கத் தாமதித்த கதையும் உண்டு. ஸ்கோரில் கைவைக்கச் சொல்லி இன்னொரு நடுவரை ஃபேஸ்புக்கில் தொடர்புகொண்ட கஜகஸ்தான் நடுவருக்கு 2015-ல் ஆயுள் தடை விதித்தார்கள்.

ஆகவே பையனுக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவும் சொன்னேன். "நான் அமுக்குறது எல்லாருக்கும் ஒரே நேரத்துல போவுது. நீ அமுக்குறது ஒருத்தனுக்கு மட்டும் முன்னாடி போவுது. அதான்டா திருட்டு."

"யார்கிட்ட சார் திருடுறேன்? பந்தயக் கம்பெனிகிட்டத்தானே?"

அங்கே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து அந்த இடத்தில்தான் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தபிறகு எத்தனையோ பதில்கள் வந்தன. இன்று ஸ்கோருக்குக் காசு கொடுப்பவன் நாளைக்கு "அந்தப் பிளேயரோட நம்பர் கொடு" என்பான். நாளன்றைக்கு "முதல் செட்டை விடச் சொல்லு" என்பான். கற்பனை இல்லை. பெல்ஜியத்தில் ஆட்ட மோசடிக்காக 2023-ல் தண்டிக்கப்பட்ட கிரிகோர் சர்க்சியானின் வலையில் 180-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் இந்தக் கீழ்மட்டத்து ஆட்டக்காரர்கள். முதல் சுற்றில் தோற்றால் அன்றைய கணக்குக்கு 260 டாலர், கோப்பையே ஜெயித்தாலும் 3,600. விமான டிக்கெட், ஓட்டல், ராக்கெட் ஸ்டிரிங் எல்லாம் அதில்தான். அப்படி ஆடுபவனிடம் ஒரு செட்டுக்கு ஆயிரம் டாலர் என்று ஒருவன் வந்து நின்றால் என்ன ஆகும்?

இந்தப் பதிலும் முழுதாக நிற்க மாட்டேன் என்கிறது. அந்த வலைக்கு வழி திறந்தது யார்? டென்னிஸ் மோசடிகளை ஆராய்ந்த, ஆடம் லூயிஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2018-ல் அறிக்கை கொடுத்தது. கீழ்மட்டப் போட்டிகளின் நேரடி ஸ்கோரைப் பந்தயத்துக்கு விற்க ஆரம்பித்தபிறகுதான் நோய் பரவியது என்று அது வெளிப்படையாகவே எழுதியது. 15 ஆயிரம் டாலர் போட்டிகளின் தரவு விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதாவது என் விரலைப் பற்றியும்தான் அந்த அறிக்கை பேசுகிறது. இந்த ஊரில் பந்தயம் கட்டுவது குற்றம். நுங்கம்பாக்கத்தில் நான் அமுக்கும் புள்ளி லண்டனில் சட்டப்படி பந்தயமாகிறது.

அதேசமயம், தரவு விற்ற பணம் இல்லாமல் இத்தனை போட்டிகளை யார் நடத்துவார்கள்? நம் பையன்கள் தரவரிசைப் புள்ளி தேடித் துனிசியாவுக்கும் எகிப்துக்கும் அலைகிறார்கள். ஊரிலேயே ஒரு வாரம் ஆடக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். இதை நினைக்கும்போது டேப்லெட்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அன்று கோர்ட்டில் ஆடித் தோற்ற பையன் லாக்கர் ரூம் வாசலில் போனை நீட்டினான். இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாதவர்களின் செய்திகள். அவன் அம்மாவைப் பற்றி ஒன்று. கை உடையட்டும் என்று ஒன்று. கண்ணால் பார்க்க ஐந்து பேர் வந்த ஆட்டம் அது. என் டேப்லெட் வழியாகப் பணத்தை விட்டவர்கள் இவர்கள். பாக்கெட்டுக்குள் அமுக்கியவனின் ஆள் அன்று ஒருவேளை ஜெயித்திருப்பான். நிர்வாகத்துக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு என்று மட்டும் சொன்னேன். "அனுப்புறேண்ணா" என்றான்.

வாசலில் நின்றவனிடம் கடைசியாக எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு மூவாயிரம் சார்." யார் தருவது என்பது அவனுக்கும் தெரியாது. டெலிகிராமில் ஒரு பெயர், அவ்வளவுதான். டென்னிஸை விட்டு அவன் போகவில்லை. டென்னிஸில் அவனுக்கு யாரும் வேலை தரவில்லை. பால் பாயாக இருந்தவர்களுக்கு அடுத்த படி என்ன என்று நாங்கள் யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

சில மாதம் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது: அடுத்த லைன் அம்பயர் பயிற்சி எப்போது சார்? தேதியை அனுப்பினேன். டென்னிஸில் பந்தயம் கட்ட மாட்டேன், உள்தகவல் விற்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அன்றைக்கு நடந்ததை நீயே முதலில் சொல்லிவிடு என்றும் எழுதினேன். அவனுக்காகப் பேச சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன்.

"அவனை வெளிய அனுப்பச் சொன்னதே நீங்கதானே சார்?" என்றார்.

ஆமாம், இப்போது உள்ளே சேர்க்கச் சொல்வதும் நான்தான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.