சாமியாருக்கு சாப்பாடு – ஒரு தாடி ஓணான் டைரி

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

ஒரு வழியா வந்து சேர்ந்துட்டாரு. ஆபீஸ்ல கூட வேலை பாத்தவர் குடும்பத்தோட இங்கிலாந்து கிளம்புறார், அவர் வளர்த்த பியர்டட் டிராகன், அதாவது தாடி ஓணான், இப்ப எங்க வீட்டு ஹால்ல. ஆஸ்திரேலியாவோட சொந்த ஓணான், பல்லி எதையும் செல்லப்பிராணின்னு சொல்லி வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது, சட்டம் அப்படி. ஆனா கூத்து என்னன்னா அவர் லண்டன்ல இறங்கி ஒரு பெட் ஷாப்ல இதே ஜாதிய காசு குடுத்து வாங்கிக்கலாம், எப்பவோ இங்கேருந்து கடத்திட்டுப் போனதோட வாரிசுங்க தான் பெரும்பாலும் உலகம் பூரா வளருது. இங்க சிட்னில வளர்க்கவும் லைசன்ஸ் வேணும், அத முன்னாடியே ஆன்லைன்ல எடுத்தாச்சு.

முழுப்பேரு போகோனா விட்டிசெப்ஸ். நம்மூரு வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம் தான். பையன் ஸ்பைக்னு பேரு வச்சான், ஆனா கட்டை மேல தாடிய சாய்ச்சு அரைக்கண்ண மூடி உக்காந்திருக்கறத பாத்துட்டு என் வீட்டம்மா "சாமியார்"னா, அதுவே நிலைச்சுடுச்சு.

பிப்ரவரி 17, சனி

சாமியார் கீரைய திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறார். பழைய வீட்டுல தினம் மீல்வார்ம் போட்டுப் பழக்கியிருக்காங்க, கொழுப்பு நிறைய உள்ள புழு, தினம் திங்கிற சாமானே இல்ல. குட்டியா இருக்கும்போது பூச்சி தான் பிரதானம், வளர்ந்தப்புறம் அப்படியே தலைகீழ், தட்டுல முக்கால்வாசிக்கு மேல கீரை காய்கறி, பூச்சி வாரத்துல ரெண்டு மூணு வேளை போதும். இவருக்கு வளர்ந்த வயசு, பழக்கம் மட்டும் குட்டியோடது.

பூச்சிக்கு கிரிக்கெட் (சுவர்க்கோழி) வேண்டாம்னு முடிவு, ராத்திரி பூரா கத்தும், செத்தா நாத்தம் தாங்காது. இங்க உட்டீஸ்னு ஒரு சாம்பல் கலர் கரப்பான் விக்குறாங்க, கத்தாது, ஆனா வழுவழு பிளாஸ்டிக்லயும் ஏறும், அதனால டப்பாவோட உள் ஓரத்துல சுத்தி வாசலின் தடவணும். ஆமா, காசு குடுத்து கரப்பான் வாங்கி அதுக்கு கேரட்டும் ஓட்ஸும் போட்டு வளர்க்குறோம்! பூச்சி எத திங்குதோ அது தான் கடைசில சாமியார் வயித்துக்குள்ள போகுது, வெறும் வயித்துப் பூச்சிய போட்டா வெறும் ஓடு தான் மிச்சம். சைஸும் பாக்கணும், அவரோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற அகலத்த விட பூச்சி பெருசா இருக்கக் கூடாது. போடுறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர்ல பூச்சிய விட்டு கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை தூவி ஒரு சுத்து சுத்தினா வெள்ளையா மாவு பூசின மாதிரி வெளிய வரும்.

மார்ச் 17, ஞாயிறு

கீரை விவகாரம் ஜெயம். காலைல பசியோட இருக்கும்போது முதல்ல கீரைத் தட்டு, அதுக்கு மேல உயிரோட ஒரே ஒரு புழு, அது நெளிய நெளிய இவர் பாஞ்சு கவ்வுறப்ப வாய்ல கீரையும் சேந்து வந்துடுது. இப்ப புழு இல்லாமலே எண்டைவ், பாக் சோய், துருவின பரங்கிக்காய் எல்லாம் இறங்குது. பாலக் மட்டும் வாங்கறதில்ல, அதுல இருக்கற ஆக்சலேட் கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. ஐஸ்பெர்க் லெட்டூஸ் வெறும் தண்ணி. அவகாடோ இவங்களுக்கு விஷம், பையன் டிபன் பாக்ஸ்ல அது தான் தினமும், அதனால ஸ்கூல் விட்டு வந்ததும் கை கழுவாம தொடக்கூடாதுன்னு ரூல். தொட்டப்புறமும் கழுவணும், இவங்க மேல சால்மோனெல்லாங்கற கிருமி இருக்கும்.

ஆனா சாப்பாட்டுல பாதி சமாச்சாரம் தட்டுலயே இல்ல, பல்புல இருக்கு. வெயில் காயிற கட்டை மேல 40 டிகிரி கிட்ட இருந்தா தான் தின்னது செரிக்கும், பெட்டியோட எதிர் மூலை 25 வாக்குல குளுகுளுன்னு இருக்கணும், அவரே இங்கயும் அங்கயும் போய் உடம்புச் சூட்ட சரி பண்ணிப்பார். காலைல பாத்தா கரேல்னு இருப்பார், சூட்ட சீக்கிரம் வாங்க, சூடேற ஏற வெளுத்து மணல் கலருக்கு வந்துடுவார், ரொம்ப ஏறினா வாயப் பொளந்துட்டு உக்காருவார். இது போக யுவிபி டியூப் தனி, வெயில்ல இருக்கற ஒரு வகை புற ஊதாக் கதிர் அதுலேருந்து வரும். அது இல்லன்னா உடம்பு டி3 வைட்டமின் செய்யாது, டி3 இல்லன்னா எவ்வளவு கால்சியம் தூவினாலும் வீண், தாடை எலும்பு ரப்பரா போயிடும், கால் வளைஞ்சுடும். ஜன்னல் ஓரமா வச்சா போதாதான்னு கேக்குறவங்களுக்கு: கண்ணாடி யுவிபிய நிறுத்திடும். டியூபும் பாக்க நல்லா எரிஞ்சுட்டே இருக்கும், உள்ள யுவிபி தேஞ்சு போயிருக்கும், அதனால மாட்டின தேதிய ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியாச்சு.

ஏப்ரல் 27, சனி

அம்மா திருநெல்வேலியிலேருந்து வந்தாச்சு. ஹால்ல நுழைஞ்சதும் முதல் டயலாக்: "ஏல, வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா இல்ல இருக்கு!" ஊர்ல சின்ன வயசுல நாங்க ஓணான கல்லால அடிச்சதுக்கு கதை வேற உண்டு, ராமருக்கு தாகம் எடுத்தப்ப அணில் இளநீர் குடுத்துச்சாம், ஓணான் மூத்திரத்த குடுத்துச்சாம், அதான் அணிலுக்கு முதுகுல கோடு, ஓணானுக்கு கல்லடி. அந்த வம்சத்துக்கு நான் கேரட் துருவுறேன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. சாமியாருக்கும் அம்மாவ பிடிக்கல, கருநீலச் சேலைய பாத்ததும் தாடி விரிஞ்சு கன்னங்கரேல்னு ஆயிடுச்சு.

மே 26, ஞாயிறு

அம்மாவும் அவரும் ராசி. கொல்லைல இருக்கற முருங்கைய, இங்க ஜூன்ல ஆரம்பிக்கிற குளிர்ல இலை கொட்டுறதுக்கு முன்னாடி உருவி எடுத்து "கால்சியம் கால்சியம்ங்கற, இதுல இல்லாத கால்சியமா"ங்கறாங்க. டாக்டர்ட்ட கேட்டேன், மத்த கீரையோட இடையிடைல கலந்து குடுங்கன்னார். முளைக்கீரைக்கு மட்டும் நான் தடா, பாலக்குக்கு சொன்ன அதே காரணம். புல்வெளில வெட்டுக்கிளி பிடிச்சுத் தாரேன்னாங்க, அதுவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் அங்க என்ன மருந்தடிக்கிறார்னு யாருக்குத் தெரியும்.

ஆனா ஒரு வாரமா தட்டு அப்படியே இருக்கு. பல்பு எரியுது, இவர் குகைக்குள்ளயே கிடக்கார்.

ஜூன் 9, ஞாயிறு

டாக்டர் பாத்தார். எச்சத்துல ஒட்டுண்ணி டெஸ்ட் கிளீன், வாய், தாடை ஓகே, எடை 412 கிராம். நோய் இல்ல, புரூமேஷன், அதாவது குளிர்காலத் தூக்கம். இவங்க பூர்வீகமான நடு ஆஸ்திரேலியாவுல ராத்திரி நல்லா குளிரும், அந்தக் கணக்கு ரத்தத்துல இருக்கு, ஹால்ல ஹீட்டர் ஓடினாலும். இதுல தெரிஞ்சுக்க வேண்டியது ஒன்னே ஒன்னு, தூங்கப் போறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கணும், சூடு இல்லாம செரிக்காது, உள்ளயே அழுகிடும். அதனால கடைசியா தின்னது வெளிய வர்ற வரைக்கும் பல்ப அணைக்கல. பட்டினி போட்டுக் கொல்லப் போறியாலன்னு அம்மா தினம் ஒரு தடவ கேக்குறாங்க. பாவமேன்னு யாரும் வாய்ல ஊட்டிடக் கூடாதுன்னு பெட்டி மேல பேப்பர் ஒட்டியிருக்கேன், அது யாருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும்.

ஜூலை 21, ஞாயிறு

தூக்கம். வாரம் ஒரு தடவ கிச்சன் தராசுல வச்சு நிறுப்போம், இன்னிக்கு 401. மொத்த எடைல பத்துல ஒரு பங்கு குறைஞ்சா எழுப்பிக் கூட்டிட்டு வாங்கன்னு உத்தரவு. உட்டீஸ் டப்பால தான் ஜனத்தொகை பெருகிப் போச்சு, திங்க ஆளில்ல.

சும்மா இருந்த நேரத்துல படிச்சது: இவங்க முட்டைய 32 டிகிரிக்கு மேல வச்சா, ஜீன்ல ஆணா இருக்கறது பொண்ணா பொறக்கும், முட்டையும் வைக்கும். காட்டுலயே இது நடக்குதுன்னு 2015ல கான்பெரா யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் பத்திரிகைல எழுதியிருக்காங்க. அப்ப சாமியார்? பையனுக்கு பயங்கர சந்தேகம். வாலடில பாத்து ஆண்னு தான் டாக்டர் சொன்னார், விடுப்பா.

செப்டம்பர் 1, ஞாயிறு

எழுந்துட்டார்! காலைல கட்டை மேல கரேல்னு. அவசரப்பட்டு பூச்சி போடல, முதல்ல வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் விட்டோம், நாக்கால நக்கி நக்கி குடிச்சார். ரெண்டு நாள் நல்லா சூடேறட்டும், அப்புறம் கீரை, அதுக்கப்புறம் தான் கரப்பான். எடை 394.

செப்டம்பர் 8, ஞாயிறு

பரங்கிக்காய், எண்டைவ் ரெண்டும் காலி, நேத்து ஆறு உட்டீஸ். இன்னிக்குக் காலைல எச்சம் போட்டார், வீடே ஜன்னலத் திறந்து வச்சு உக்காந்திருக்கு. அம்மா ஊர்லேருந்து வீடியோ கால், தின்னானா, பேண்டானான்னு ரெண்டே கேள்வி, என் பையனப் பத்தி கடைசில தான் கேட்டாங்க. முருங்கை துளிர்க்க இன்னும் நாள் ஆகும்னு சொல்லியிருக்கேன். ஸ்டிக்கர் தேதிப்படி டியூப் மாத்தணும், நாளைக்கு ஆர்டர் போடணும். மிஞ்சின உட்டீஸ் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, இலவசம், டப்பா மட்டும் நீங்க கொண்டு வரணும்.