வயசான ஸ்ட்ரைக்கரை எடுக்கலாமா?

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் நம்ம கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்ற மறுநாள், பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டீக்கடையில் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரே யோசனைதான்: கோல் அடிக்க, ஐரோப்பாவில் ஆடிய பெரிய பேர் ஸ்ட்ரைக்கர் ஒருத்தரைக் கொண்டுவரணும். சரி, 2017இல் அதைத்தானே செய்தார்கள்? இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டில் கலக்கிய பல்கேரிய ஸ்ட்ரைக்கர் பெர்பட்டோவ் 36 வயதில் நம்ம மஞ்சள் சட்டை போட்டார். பந்தை நிறுத்தும் அழகு அப்படியே இருந்தது, அதை மறுக்க மாட்டேன், ஆனால் ஓட்டம் இல்லை, காயம் வேறு, லீக் முடியும்போது கணக்கில் ஒரே ஒரு கோல்.

அதற்காக வயசானவர்களே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 2019-20இல் நைஜீரிய ஸ்ட்ரைக்கர் ஒக்பெச்சே 35 வயதில் நமக்கு 15 கோல் அடித்தார். அவரை விட்டுவிட்டோம். மும்பை அணி வழியாக ஹைதராபாத் அணிக்குப் போய், 2021-22இல் 18 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை வாங்கினார்; அந்த வருட இறுதிப் போட்டியில் பெனால்டி ஷூட்அவுட்டில் நம்மைத் தோற்கடித்ததும் அதே ஹைதராபாத்தான் (வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை).

என்னைக் கேட்டால் பேரையும் வயதையும் விட, கடைசி இரண்டு சீசனில் எத்தனை நிமிடம் ஆடினார், பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டத்துக்குள்) நின்றே கோல் அடிப்பவரா என்று பார்க்கணும். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் தாராளமாக எடுக்கலாம். மூன்று வருடம் கேட்டால் நெடும்பாசேரி ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுங்கள்.