ஜப்பான் டிவியில் ஆர்டிஎம் பார்க்க

சுங்கை சிப்புட்டில் பழைய ஜப்பானியப் பொருள்கள் விற்கும் கடையில் மாமா வாங்கிய தொலைக்காட்சியில் உள்ளூர் அலைவரிசை ஒன்றுகூட வராததால், பெட்டி பழுது என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். பழுது ஏதும் இல்லை. ஜப்பானில் தரைவழி ஒளிபரப்பு ஐஎஸ்டிபி-டி என்ற டிஜிட்டல் முறையில் நடக்கிறது. மலேசியாவிலோ 2019 அக்டோபர் இறுதியில் பழைய அனலாக் ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டு டிவிபி-டி2 என்ற வேறொரு டிஜிட்டல் முறையே இருப்பதால், அந்தப் பெட்டியின் டியூனரை (அலைவரிசையைப் பிடிக்கும் பகுதியை) எவ்வளவு தேடவிட்டாலும் பயனில்லை. நம் நாட்டு இலவச டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் மைஃப்ரீவியூ டீகோடரில் யுஎச்எஃப் ஏரியலைச் செருகி, டீகோடரை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்தால் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் டிவி2 தமிழ்ச் செய்தி வரை எல்லாம் வரும். (ரிமோட் முழுவதும் ஜப்பானிய எழுத்து; அத்தை பொத்தான்களின்மேல் தமிழில் எழுதி ஒட்டிவிட்டார்.)

இதைவிட முக்கியமானது மின்சாரம். பெட்டியின் பின்புறத்தில் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், வெறும் பிளக் அடாப்டர் போட்டு நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் செருகவே கூடாது. பெட்டியின் வாட் அளவைத் தாங்கக்கூடிய, 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். எச்டிஎம்ஐ இல்லாத பழைய பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளால் இணைப்பவர்கள், படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ தெரிந்தால், டீகோடரின் அமைப்பில் பால் (PAL, நம் நாட்டின் பழைய வண்ணப்பட முறை) என்பதை என்டிஎஸ்சி (NTSC, ஜப்பானின் பழைய முறை) என்று மாற்றிப் பாருங்கள்.