டார்மண்ட்: செத்தது இல்லை, தூங்குவது

டார்மண்ட் என்றால் ஃபிரெஞ்சில் ‘தூங்குகிற’ என்று பொருள். ஆங்கிலத்துக்கும் அங்கிருந்துதான் வந்தது. ‘செயலிழந்த’ என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை, ‘உறங்குநிலை’தான் பொருத்தம். அந்தமானின் பேரன் தீவு எரிமலை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி வெடித்தது. அதுதான் டார்மண்ட்.

நிலக்கடலை விதைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொத்து ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் கிடையாது. முற்றிய நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே, காய்க்குள்ளேயே முளைவிட்டுவிடும். கொடி ரகத்தில் உறக்கம் உண்டு. அறுத்த கையோடு விதைத்தால் முளைப்பு குறையும். விதை செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதிகம் குழப்புவது வங்கிக் கணக்குதான். 2 வருடத்துக்கு மேல் நீங்களாக எதுவும் செய்யாவிட்டால் கணக்கு உறங்கிவிடும். வங்கி தானாகப் போடும் வட்டியும் பிடிக்கும் கட்டணமும் நீங்கள் செய்த பரிவர்த்தனையாக எண்ணப்படாது. நீங்களே 100 ரூபாய் போட்டாலோ எடுத்தாலோ அது எண்ணப்படும். உறங்கினாலும் சேமிப்பு வட்டி நிற்காது. ஆதார், பான் கொண்டுபோய் கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பித்தால் எழுப்பிவிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. கேட்டால் கொடுக்காதீர்கள். 10 வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது உங்கள் பணம்தான். உங்கள் வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். அப்பா, தாத்தா பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் இன்றைக்கே தேடிப் பாருங்கள்.