24 ஹெர்ட்ஸைத் துரத்திய மாதங்கள்

எங்கள் ஆய்வகத்தில் லேசர் ஒரு மேசையிலும், கதிர் நுழைய வேண்டிய அரை மில்லிமீட்டர் துளை 8 மீட்டர் தள்ளி இன்னொரு மேசையிலும் இருந்தன. லேசருக்கு அருகே கதிரைத் திருப்பும் ஆடி 10 மைக்ரோரேடியன் சாய்ந்தால் கதிர் அதைப்போல் இரு மடங்கு திரும்பும். துளையை அடைவதற்குள் 0.16 மில்லிமீட்டர் விலகிவிடும்.

விடியற்காலையில் அசையாமல் நின்ற கதிர், குளிர்சாதனம் ஓடத் தொடங்கியதும் நடுங்கியது. கதிர் விழும் இடத்தைக் காட்டும் நான்கு துண்டு ஒளி உணரியின் சைகையை அதிர்வெண்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், 24 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்முனை. மாடியிலிருந்த விசிறியின் நான்கு துருவ மோட்டார்தான் காரணம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும், எவ்வளவு குறைவு என்பது சுமைக்கேற்ப மாறும். ஆகவே 24.3 ஹெர்ட்ஸை மட்டும் அடக்க நான் அமைத்த குறுகிய வடிகட்டி காலையில் பலித்து மதியம் பொய்த்தது. உணரி காட்டும் விலகலுக்கேற்ப ஆடியைத் திருப்பும் பின்னூட்டத்தின் பெருக்கத்தைக் கூட்டவும் வழியில்லை. கூட்டினால் ஆடியே அலையத் தொடங்கும்.

எனவே மேசையில் அதன் அதிர்வை அளக்கும் ஒரு முடுக்கமானியைப் பொருத்தி, அதன் சைகையிலிருந்து ஆடிக்கான எதிரசைவைத் தானே கற்றுக்கொள்ளும் தகவமைப்பு வடிகட்டியை எழுதினேன். 1960-இல் விட்ரோவும் ஹாஃபும் வெளியிட்ட, வடிகட்டியின் எடைகளை (அதன் பெருக்கெண்களை) பிழை குறையும் பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருத்தும் எல்.எம்.எஸ். முறைதான் அதன் அடிப்படை. (அதே ஹாஃப் பின்னாளில் இன்டெல்லின் முதல் நுண்செயலியை உருவாக்கியவர்களில் ஒருவர்.) முதல் ஓட்டத்திலேயே ஒளிப்புள்ளியின் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போய் அது உணரியைவிட்டு வெளியேறியது. கற்கும் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினேன். அப்போதும் வெளியேறியது, மெதுவாக.

சைகை உணரியிலிருந்து கணினி வழியே ஆடிக்குப் போய்ச் சேர 12 மில்லிவிநாடி ஆகிறது என்பதை இரண்டு வாரம் கழித்தே அளந்தேன். ஒரு முழு அலைவை 360 பாகை என்று கொண்டால், 24 ஹெர்ட்ஸில் அது 100 பாகையைத் தாண்டும் கட்டத் தாமதம். 90 பாகைக்கு மேல் பிசகினால், ஒவ்வொரு திருத்தமும் பிழையை வளர்க்கும் பக்கமே போகும். அதிர்வைப் பற்றி எதுவும் தெரியாமல் தொடங்கலாம்; சொந்த ஆடியைப் பற்றித் தெரியாமல் தொடங்க முடியாது என்பதைப் பாடநூலில் படித்திருந்தும் கவனிக்கவில்லை. ஆடிக்குச் சிறு தூண்டல் கொடுத்து அதன் பதிலை அளந்து மாதிரியாக்கி, முடுக்கமானியின் சைகையை அந்த மாதிரியின் வழியே செலுத்திய பிறகு, கூர்முனை இரைச்சலோடு இரைச்சலாக அமிழ்ந்தது.

சில மாதங்கள் கழித்து யாரிடமும் சொல்லாமல் அந்த மோட்டாரை மாற்றிவிட்டார்கள். வடிகட்டியின் எடைகள் ஒரு பிற்பகலில் சில விநாடிகள் அலைந்து வேறு மதிப்புகளில் அமர்ந்திருந்ததைப் பதிவில் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது.